பழங்கோயிலைப் பார்ப்பது எப்படி? சுவரடியிலிருந்து தொடங்கும் ஓர் அறிமுகம்

திருவரங்கம் கோயிலுக்கு முதன்முறையாகச் செல்பவர், தெற்கு வாசலில் 236 அடி உயரத்துக்கு எழுந்து நிற்கும் பதின்மூன்று நிலை ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்த்து, ஆழ்வார்கள் பாடிய காலத்தின் தொன்மை முழுவதும் அதில்தான் இருக்கிறது என்று எண்ணிக்கொள்வது இயல்பு. ஆனால் அந்தக் கோபுரம் விஜயநகர அரசர் காலத்தில் தொடங்கப்பட்டு, பாதியில் நின்று, ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் மொட்டைக் கோபுரமாகவே இருந்து, 1987-ஆம் ஆண்டில்தான் நிறைவு பெற்றது. ஆழ்வார்கள் கண்ட அரங்கம் அந்த வாசலிலிருந்து ஏழு திருச்சுற்றுகள் கடந்து உள்ளே இருக்கிறது.

தமிழ்நாட்டுப் பழங்கோயில்களைப் பார்க்கத் தொடங்குபவர் முதலில் மனத்தில் கொள்ள வேண்டிய கருத்து இதுவே. கோயில் உள்ளிருந்து வெளியே வளர்கிறது. நாமோ வெளியிலிருந்து உள்ளே செல்கிறோம். ஆகவே வீதியிலிருந்து கருவறை நோக்கி நடக்கும் ஒவ்வொரு வாசலும் நம்மை முந்தைய நூற்றாண்டு ஒன்றுக்குள் கொண்டுபோய் விடுகிறது. ஒரு கோயிலைக் காட்டி "இது எந்தக் காலத்துக் கோயில்?" என்று கேட்டால், பெரும்பாலும் அந்தக் கேள்விக்கு ஒரே விடை கிடையாது, எந்தப் பகுதி எந்தக் காலத்தது என்று கேட்பதே பொருத்தம்.

இப்படி வளர்ந்ததற்குக் காரணம் எளியது. கருவறையில் நிலைநிறுத்தப்பட்ட மூலவரை இடம் பெயர்ப்பது வழக்கம் அன்று. எனவே ஒரு கோயிலைப் பெரிதாக்க விரும்பிய அரசரோ வணிகரோ ஊராரோ, நடுவில் இருப்பதைத் தொடாமல் அதன் முன்னால் ஒரு மண்டபத்தைச் சேர்த்தார்கள். அதைச் சுற்றி ஒரு மதிலை எழுப்பினார்கள். மதிலுக்கு ஒரு வாசல் தேவைப்பட்டது. வாசலின் மேல் கோபுரம் எழுந்தது. அடுத்த தலைமுறையினர் அந்த மதிலுக்கும் வெளியே இன்னொரு மதிலைக் கட்டினார்கள். பெரிய கோயில்களில் காணும் நூற்றுக்கால், ஆயிரக்கால் மண்டபங்களும், வசந்த மண்டபங்களும், தெப்பக்குளங்களும் பெரும்பாலும் பிற்காலச் சோழர் காலத்துக்கும் நாயக்கர் காலத்துக்கும் இடையே சேர்ந்தவை. அம்மனுக்கெனத் தனிச் சந்நிதி எழுப்பும் வழக்கமே 11-ஆம் நூற்றாண்டிலிருந்துதான் பரவலாகிறது; கல்வெட்டுகள் அதைத் திருக்காமக்கோட்டம் என்று குறிக்கின்றன.

தஞ்சைப் பெரிய கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். அதை ராஜராஜ சோழன் கட்டினான் என்று சொல்லி நிறுத்திவிடுகிறோம். அகழியைக் கடந்ததும் முதலில் எதிர்ப்படுவது மராத்தியர் காலத்து வாசல். அதற்கு அடுத்து வரும் கேரளாந்தகன் திருவாசலும் ராஜராஜன் திருவாசலும் சோழர் காலத்தவை. உள்ளே நுழைந்ததும் எல்லோரும் படம் எடுத்துக்கொள்ளும் பெரிய நந்தி நாயக்கர் காலத்தது. பெரியநாயகி அம்மன் சந்நிதி 13-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்தது. நுண்ணிய வேலைப்பாடு கொண்ட முருகன் சந்நிதி மீண்டும் நாயக்கர் காலத்தது. மதிலை ஒட்டிய சுற்றுமாளிகையில், தஞ்சையை ஆண்ட மராத்தியரான போன்ஸ்லே அரச மரபின் வரலாறு 1803-ஆம் ஆண்டில் மராத்தி மொழியில் மிக நீண்ட கல்வெட்டாகப் பொறிக்கப்பட்டிருக்கிறது. இத்தனைக்கும் நடுவில் 216 அடி உயரத்தில் நிற்கும் ஸ்ரீவிமானம்தான் 1010-இல் குடமேறியது. ஒரே வளாகத்தில் எண்ணூறு ஆண்டுகள் அருகருகே நிற்கின்றன. ஆனால் நாம் அவற்றை ஒரே நாளில் கட்டியதுபோல் பார்த்துவிட்டு வருகிறோம்.

கோபுரம், விமானம் என்ற இரு சொற்களையும் பேச்சில் நாம் கலந்து பயன்படுத்துகிறோம். வாசலின் மேல் எழுவது கோபுரம். கருவறையின் மேல் எழுவது விமானம். இந்த வேறுபாடு தெரிந்தால் காலக் கணிப்பில் பாதி வேலை முடிந்துவிடும். தஞ்சை, கங்கைகொண்ட சோழபுரம், தாராசுரம் ஆகிய கோயில்களில் விமானம் ஓங்கியும் கோபுரம் அதற்கு அடங்கியும் இருக்கும். 12, 13-ஆம் நூற்றாண்டுகளில் இந்த விகிதம் மாறுகிறது. சிதம்பரத்தின் நான்கு எழுநிலைக் கோபுரங்களைப் பார்த்த கண்ணோடு, உள்ளே கூரை பொன்வேய்ந்த சிற்றம்பலத்தைப் பார்த்தால் மாற்றம் எவ்வளவு பெரிது என்பது விளங்கும். திருவண்ணாமலையிலும் மதுரையிலும் கோபுரங்கள் ஊரையே ஆள்கின்றன. விமானத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. கோபுரத்தின் அடிப்பகுதி மட்டுமே கல்லால் ஆனது. மேல்நிலைகள் செங்கல்லாலும் சுதை எனப்படும் சுண்ணாம்புச் சாந்தாலும் ஆனவை. சுதை மழையிலும் வெயிலிலும் கரையும் என்பதால் குடமுழுக்குதோறும் பழுது பார்க்கப்பட்டு வண்ணம் பூசப்படுகிறது. எனவே கோபுரத்தில் காணும் வண்ணப் பொம்மைகள் எவ்வளவு அழகாக இருந்தாலும், அவற்றின் இன்றைய வடிவம் பெரும்பாலும் அண்மைக் காலத்தது.

உள்ளே செல்லச் செல்லப் பழமை என்ற விதிக்கு விலக்குகளும் உண்டு. பல கோயில்கள் முதலில் செங்கல் தளிகளாக (தளி என்றால் கோயில்) இருந்து பின்னர் கற்றளிகளாக, அதாவது கற்கோயில்களாக, மாற்றப்பட்டவை. 10-ஆம் நூற்றாண்டில் கண்டராதித்த சோழரின் தேவியான செம்பியன் மாதேவி இந்தப் பணியைத் தம் வாழ்நாள் பணியாகவே செய்தார். கோனேரிராஜபுரம் கோயிலை அவர் தம் கணவரின் பெயரால் எடுப்பித்தார். கண்டராதித்தர் இறைவனை வழிபடும் சிறு சிற்பம் அங்கே சுவரில் இன்றும் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் நகரத்தார் பெரும்பொருள் செலவிட்டுப் பல பாடல் பெற்ற தலங்களைக் கருங்கல்லால் புதுப்பித்தார்கள். அவற்றுள் சிலவற்றில் கருவறைச் சுவரே அந்தத் திருப்பணியின்போது எழுந்ததாக இருக்கும். திருப்பணியின்போது கற்கள் வரிசை மாறி அடுக்கப்பட்டால் சுவரில் அதற்கான தடயம் தங்கிவிடும்: எழுத்துகள் திடீரென்று பாதியில் நிற்கும், ஒரு கல் மட்டும் தலைகீழாக இருக்கும், தொடர்பில்லாத இரு வரிகள் ஒட்டிக்கொண்டிருக்கும்.

சரி, கோயிலுக்குள் எப்படிச் செல்வது? நேரத்தை முதலில் கவனியுங்கள். பெரும்பாலான கோயில்கள் உச்சிக்காலப் பூசைக்குப் பின் நண்பகல் வாக்கில் நடை சாத்தப்பட்டு மாலை நான்கு மணியளவில் மீண்டும் திறக்கும். நெடுந்தொலைவு பயணம் செய்து ஒரு மணிக்குப் போய்ச் சேர்ந்து, பூட்டிய கதவின் முன் காத்திருப்போரைப் பல ஊர்களில் பார்க்கலாம். காலையில் செல்வதே நல்லது. கைபேசிக்கும் படம் எடுப்பதற்கும் தடை உள்ள கோயில்கள் பல. உடை பற்றியும், கொடிமரத்துக்கு அப்பால் யார் செல்லலாம் என்பது பற்றியும் வாசலில் அறிவிப்பு இருந்தால் அதன்படி நடந்துகொள்ள வேண்டும். காலணியை வெளியே விட்டுச் செல்வதைச் சொல்ல வேண்டியதில்லை.

கொடிமரம், பலிபீடம், நந்தி ஆகியவை கருவறைக்கு நேர்கோட்டில் இருக்கும். பெருமாள் கோயிலாயின் நந்தியின் இடத்தில் கருடன். விழுந்து வணங்குவோர் கொடிமரத்துக்கு முன்பாகவே வணங்குவர். நந்திக்கும் மூலவருக்கும் குறுக்கே போகாமல் இருப்பது மரபு. என் பரிந்துரை ஒன்று உண்டு: முதலில் நேரே சென்று வழிபாட்டை முடித்துவிடுங்கள். கருவறை இருளாகத்தான் இருக்கும். ஒரு நெய்விளக்கின் ஒளியில் மட்டும் மூலவரைக் காணும்படி அந்த இடம் அமைக்கப்பட்டிருக்கிறது. தீபாராதனை ஆகி, மனம் அமைந்த பிறகு வெளியே வந்து, கருவறையின் வெளிச்சுவரை வலமாக, மிக மெதுவாகச் சுற்றத் தொடங்குங்கள். கோயிலைப் பார்த்தல் என்பது உண்மையில் இந்தச் சுற்றில்தான் நடக்கிறது. கூட்டம் நிரம்பிய பெருங்கோயில்களில் இதற்கு வாய்ப்புக் குறைவு. ஆகவே தொடங்குபவருக்கு நான் சொல்வது, காவிரிக்கரைச் சிற்றூர்களில் உள்ள சிறிய சோழர் கற்றளிகளே. தஞ்சைக்கு அருகே புள்ளமங்கை என்னும் ஊரில் உள்ள முதலாம் பராந்தகன் காலத்துக் கோயிலில் அரை நாள் செலவிட்டவர் எந்தக் கோயிலையும் பார்க்கக் கற்றுக்கொண்டுவிடுவார்.

பார்வையைத் தரையிலிருந்து தொடங்குங்கள். விமானத்துக்கு ஆறு உறுப்புகள் என்று சிற்ப நூல்கள் வகுக்கின்றன: தாங்குதளமாகிய அதிட்டானம், சுவர், கூரையுறுப்பாகிய பிரஸ்தரம், கழுத்தாகிய கிரீவம், தலையாகிய சிகரம், உச்சியில் குடம். மனித உடலை ஒத்த இந்த அமைப்பு ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் மறக்காது. அதிட்டானத்திலேயே பல அடுக்குகள் இருக்கும். கீழே சமதளமாக நீண்டு செல்வது ஜகதி. அதன்மேல் உருண்டையாகவோ எண்பட்டையாகவோ புடைத்து நிற்பது குமுதம். அதற்கும் மேல் உள்ளடங்கிய கண்டம். இந்தக் கண்டத்தின் குறுந்தூண்களிலும் அதையொட்டிய இடங்களிலும், உள்ளங்கை அளவே உள்ள சிற்பங்களைச் சோழர் காலத்துச் சிற்பிகள் செதுக்கியிருக்கிறார்கள். புள்ளமங்கையிலும் கும்பகோணம் நாகேசுவரன் கோயிலிலும் இராமாயணக் காட்சிகள் இவ்வளவு சிறிய அளவில் இருக்கின்றன. இரண்டாம் ராஜராஜன் எடுப்பித்த தாராசுரத்தில், கருவறைச் சுவரின் அடியில் நாயன்மார்களின் வாழ்க்கை தொடர் சிற்பமாகச் செல்கிறது. நின்றபடி பார்ப்பவருக்கு இவை தெரியாது. குந்தி உட்கார வேண்டும். அப்படி உட்கார்ந்து பார்த்தவர்கள் மிகக் குறைவு என்பது எனக்கு எப்போதும் வருத்தம் தரும் செய்தி.

அதே ஜகதியிலும் குமுதத்திலும் சுவரிலும்தான் கல்வெட்டுகள் ஓடுகின்றன. பழங்கோயிலின் சுவர் ஓர் ஊரின் ஆவணக் காப்பகம். நிலம் விற்றதும், வரி நீக்கியதும், ஏரி வெட்டியதும், விளக்கெரிக்கக் கொடை கொடுத்ததும் அங்கேதான் பதிவாயின. உத்தரமேரூரில், ஊராட்சி வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கும் விதிகள் முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்டன. தஞ்சையில் ராஜராஜன், தான் கொடுத்தவற்றையும், தன் தமக்கை கொடுத்தவற்றையும், தன் தேவியரும் மற்றவர்களும் கொடுத்தவற்றையும் ஒருசேர விமானத்தின் கல்லிலே வெட்டும்படி ஆணையிட்டான். அரசன் கொடையும் மற்றவர் கொடையும் ஒரே விமானத்தின் கல்லில் இடம்பெற்றன. அந்தக் கோயிலைக் கட்டிய குஞ்சரமல்லன் என்னும் ராஜராஜப் பெருந்தச்சனின் பெயரும் கல்வெட்டிலிருந்தே நமக்குத் தெரிகிறது.

எழுத்தைப் படிக்கத் தெரியாவிட்டாலும் கல்வெட்டின் அமைப்பை அறிந்துகொள்ளலாம். பெரும்பாலும் அது 'ஸ்வஸ்தி ஸ்ரீ' என்று தொடங்கும். அடுத்து அரசனின் புகழைச் சொல்லும் மெய்க்கீர்த்தி வரும். 'திருமகள் போல' என்று தொடங்கினால் முதலாம் ராஜராஜன். 'திருமன்னி வளர' என்றால் முதலாம் ராஜேந்திரன். பிறகு யாண்டு, அதாவது அந்த அரசன் பட்டமேறியதிலிருந்து எத்தனையாவது ஆண்டு என்ற கணக்கு. ராஜராஜன் 985-இல் அரியணை ஏறியவன் என்பதால் அவனது 25-ஆம் யாண்டு 1010-ஐ ஒட்டி வரும். அந்த யாண்டின் 275-ஆம் நாளில்தான் தஞ்சை விமானத்துக்கான செப்புக்குடத்தைக் கொடுத்தான். அதன் பிறகு நாடு, ஊர், கொடையாளி, கொடை. முடிவில் சிவன் கோயிலாயின் 'இது பன்மாகேஸ்வர ரக்ஷை' என்றும், பெருமாள் கோயிலாயின் 'ஸ்ரீவைஷ்ணவர் ரக்ஷை' என்றும், இந்த அறத்தைக் காக்கும் பொறுப்பு அடியார்களிடம் ஒப்படைக்கப்படும். சோழர் காலத்து எழுத்தில் மெய்க்குப் புள்ளி அரிதாகவே வரும். எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடு காட்டப்படுவதில்லை. வடசொற்களுக்குக் கிரந்த எழுத்து கலந்து வரும். இந்த மூன்றையும் மனத்தில் கொண்டு, ஒரு பட்டியலில் எழுத்து வடிவங்களை ஒப்பிட்டுப் பழகினால், சில மாதங்களில் ஊர்ப் பெயர்களையாவது கண்டுபிடிக்கலாம்.

கொடைகளில் மிகுதியாகக் காணப்படுவது நொந்தா விளக்கு, அதாவது அணையாமல் எரியும் விளக்கு. ஒரு விளக்குக்கு நாள்தோறும் ஓர் உழக்கு நெய் வேண்டும். அதற்கு 96 ஆடுகள் கொடுக்கப்பட்டன. தஞ்சைக் கல்வெட்டுக் கணக்கின்படி ஆடாயின் 96, பசுவாயின் 48, எருமையாயின் 16. இந்த ஆடுகளைக் கல்வெட்டுகள் 'சாவா மூவாப் பேராடு' என்று அழைக்கின்றன. ஆடு சாகாமலும் மூப்படையாமலும் இருக்குமா? ஆடுகளைப் பெற்றுக்கொண்ட இடையர், இறப்பதைக் குட்டிகளால் ஈடுசெய்து, எண்ணிக்கை குறையாமல் வைத்திருந்து நெய் அளக்க வேண்டும். மந்தை எண்ணிக்கையில் இறப்பதில்லை, ஆகவே விளக்கும் அணைவதில்லை. சில கோயில்களில், நிலம் அளக்கப் பயன்பட்ட கோலின் நீளமும் அதிட்டானத்திலேயே இரு முனைக் குறிகளோடு பொறிக்கப்பட்டிருக்கும். அளவில் ஐயம் எழுந்தால் கோயிலுக்கு வந்து சரிபார்த்துக்கொள்ளலாம்.

இந்த எழுத்துகளின் மதிப்பை அக்காலத்தவர் நன்கு உணர்ந்திருந்தார்கள். திருமழபாடிக் கோயிலைப் பிரித்துப் புதிதாகக் கட்ட ஆணையிட்ட ராஜராஜன், அதற்கு முன் சுவரிலிருந்த கல்வெட்டுகள் அனைத்தையும் ஏட்டில் படியெடுக்கச் சொன்னான். ராஜேந்திரன் காலத்தில் அவை புதிய சுவரில் மீண்டும் வெட்டப்பட்டன. நம் காலத்திலோ தூய்மைப்படுத்துவதாக எண்ணி மணலைச் சுவரில் வேகமாகப் பீய்ச்சும் மணல்வீச்சு நடத்திய கோயில்களில், ஆயிரம் ஆண்டுகள் தாங்கிய எழுத்துகள் சில நாள்களில் மழுங்கிப்போயின. தரையை உயர்த்திப் பளிங்குக்கல் பதித்ததால் ஜகதியோடு கல்வெட்டும் மண்ணுக்குள் போன இடங்கள் பல. பார்வையாளர்களும் தம்மை அறியாமல் தீங்கு செய்கிறோம்: சுவரில் விளக்கேற்றுவது, சிற்பத்தில் வெண்ணெயும் மஞ்சளும் பூசுவது, விபூதியைக் கல்வெட்டின் பள்ளத்தில் கொட்டுவது, எழுத்து தெளிவாகத் தெரிய மாவைத் தேய்ப்பது. மாவு வேண்டாம். காலை அல்லது மாலையில் சாய்வாக வெயில் விழும்போது பாருங்கள். இருளான பகுதியாயின் அனுமதி பெற்று ஒரு கைவிளக்கைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். எழுத்துகள் நிழலோடு தாமே எழுந்து வரும்.

சுவரில் அடுத்துக் காண வேண்டியவை தேவகோட்டங்கள், அதாவது தெய்வ உருவங்கள் நிற்கும் மாடங்கள். சோழர் காலத்துச் சிவன் கோயிலில், கருவறையின் தெற்கே ஆலமர்செல்வன் (தட்சிணாமூர்த்தி), மேற்கே லிங்கத்திலிருந்து வெளிப்படும் சிவனாகிய லிங்கோத்பவர், வடக்கே நான்முகன். கருவறைக்கு முன்னுள்ள அர்த்தமண்டபத்தின் தெற்கே பிள்ளையார், வடக்கே எருமைத் தலைமேல் நிற்கும் கொற்றவை. மேற்குக் கோட்டத்தில் மாதொருபாகனோ (அர்த்தநாரீசுவரர்) திருமாலோ இருந்தால், அது லிங்கோத்பவர் வழக்கம் பரவுவதற்கு முந்தைய மரபாக இருக்கக்கூடும். வடபுறம் சுவரிலிருந்து நீண்டிருக்கும் கோமுகி வழியாகத் திருமுழுக்கு நீர் வெளியேறும்.

தூண்களின் தலையில், உத்தரத்தைத் தாங்கும் போதிகையையும் பாருங்கள். அலை அலையாக மடிந்திருந்தால் அது பல்லவர் மரபு. சாய்வாக வெட்டப்பட்டு நடுவில் ஒரு முனை நீண்டிருந்தால் சோழர் காலம். பூமொட்டு தொங்கினால் விஜயநகர, நாயக்கர் காலம். விதிவிலக்குகள் இருந்தாலும், கல்வெட்டே இல்லாத மண்டபத்திலும் ஏறத்தாழக் காலம் சொல்ல இந்த ஓர் உறுப்பு போதும். தலையை நிமிர்த்திச் சிகரத்தையும் பாருங்கள்: சதுரமாயின் நாகரம், எண்பட்டையாயின் திராவிடம், வட்டமாயின் வேசரம்.

சுற்றின் கடைசியில், வடகிழக்கே, கருவறையை நோக்கியபடி ஒரு சிறு சந்நிதி இருக்கும். அது சண்டிகேசுவரருடையது. பலர் அங்கே கைதட்டிவிட்டோ சொடுக்கிவிட்டோ செல்கிறார்கள். கோயில் சொத்து எதையும் எடுத்துச் செல்லவில்லை என்று காட்டுவதாகப் பெரியவர்கள் விளக்குவார்கள். அந்த விளக்கம் வெறும் கற்பனை அன்று. சோழர் கல்வெட்டுகளில் கோயிலுக்கு நிலம் விற்பவர்கள் சண்டேசுவரரிடமே விற்கிறார்கள். வாங்குவதும் கொடுப்பதும் இறைவனின் முதல் அடியாரான அவர் பெயரிலேயே நடக்கிறது. கங்கைகொண்ட சோழபுரத்தில், கருவறைக்கு ஏறும் வடக்குப் படிக்கட்டின் அருகே, சிவபெருமான் தம் கையாலேயே அவர் தலையில் கொன்றை மாலையைச் சூட்டும் சிற்பம் இருக்கிறது. காலையில் சென்றால் அதன் முன் அமைதியாக நின்று பார்க்கலாம். அங்கிருந்து சில அடி தொலைவில்தான் அவருடைய தனிச் சந்நிதி.